ஒன்றே போதுமா, பல வேண்டுமா? பொழுதுபோக்குகளைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

அலுவலகமும் வீடும் போக வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் மிஞ்சுகிற ஒருவருக்கு வீணை கற்க வேண்டும், மாடியில் நாலு செடி வைக்க வேண்டும், ஞாயிறு காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்க்க வேண்டும், பரணில் கிடக்கும் தாத்தாவின் பழைய காசுகளை வகைப்படுத்த வேண்டும் என்றெல்லாம் ஆசை இருக்கலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதா, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா, காலத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வதா என்று மாதக்கணக்கில் தயங்கி நிற்பவர்கள் பலர், அந்த ஆறேழு மணி நேரத்தையும் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே கழித்துவிடுகிறார்கள். அறிவுரை கேட்கப் போனால் ஒருவர் “அகலக் கால் வைக்காதே” என்பார். இன்னொருவர் “ஒன்றையே செய்துகொண்டிருந்தால் மனம் சலித்துப்போகும்” என்பார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எவ்வகைப் பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

## எவற்றை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பணத்தை. அதற்கும் முன்னால் வைக்க வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு மாதம் கைவிட்டால் அந்தப் பொழுதுபோக்குக்கு என்ன நேரும்? சித்திரை வெயிலில் மாடியில் இருக்கும் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விடாமல் மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தால், திரும்பும்போது அது பிழைத்திருக்கும் என்று நம்ப முடியாது. வீணையை ஒரு மாதம் உறையில் போட்டு வைத்தால் வீணைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. விரல் நுனியில் காய்த்திருந்த தோல் மெலிந்து, இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், ஓடிக்கொண்டிருந்த ஜண்டை வரிசைப் பயிற்சி முதல் காலத்திலேயே தட்டுத்தடுமாறும். ஏரிக்குப் போகாவிட்டால் பறவைகள் தம் பாட்டுக்கு இருக்கும். பார்ப்பவருக்குச் சில பெயர்கள் மறந்துபோகும், அவ்வளவே. காசுகளோ பெட்டியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே அன்றாடம் கவனிப்புக் கேட்பவை, காத்திருக்கக்கூடியவை என்று பொழுதுபோக்குகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது அளவுகோல், தொடங்கிய நாளிலிருந்து முதல் மகிழ்ச்சி கிடைக்கும் வரை ஆகும் காலம். கர்நாடக இசையில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை தொடங்கி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி என்று படியேறி வர்ணத்தைத் தொடுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். வயலினில் விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்ட மெட்டுகள் இல்லாததால், சுருதி சேர்ந்த ஒரு ஸ்வரம் வருவதற்கே சில மாதங்கள் பிடிக்கும். கீரையோ விதைத்த இருபத்தைந்து நாளில் குழம்புக்கு வந்துவிடும். பறவை பார்க்கப் போனவருக்கு முதல் காலையிலேயே ஏதாவது ஒன்று தட்டுப்படும்.

தொடக்கச் செலவு, தொடர்ந்து வரும் செலவு, வீட்டில் பிடிக்கும் இடம், எழும் ஒலியை அக்கம்பக்கத்தார் எவ்வளவு பொறுப்பார்கள், தனியாகச் செய்யலாமா துணை வேண்டுமா என்பவை மற்ற அளவுகோல்கள். இவை ஒவ்வொருவர் நிலைமைக்கும் ஏற்ப மாறும் என்பதால் அட்டவணையில் சுருக்கமாகவே தருகிறேன்.

| பொழுதுபோக்கு | ஒரு மாதம் விட்டால் | முதல் மகிழ்ச்சி | தொடக்கச் செலவு | பின்னால் தெரியவரும் செலவு |
|---|---|---|---|---|
| வீணை, வயலின் கற்றல் | கை பின்னடையும் | மாதங்கள் கழித்து | அதிகம் | தந்தி, பழுது, மாதக் கட்டணம் |
| மாடித் தோட்டம் | செடி காயும் | 25 நாள் முதல் | நடுத்தரம் | தளத்தின் நீர்க்காப்பு, பை மாற்றுதல், பிறர் உழைப்பு |
| பறவை நோக்கல் | சில பெயர்கள் மறக்கும் | முதல் நாளே | குறைவு முதல் நடுத்தரம் | பயணம், கேமரா ஆசை |
| விண்மீன் நோக்கல் | ஒன்றும் ஆகாது | முதல் தெளிந்த இரவு | வெறுங்கண்ணுக்குச் செலவில்லை | இருண்ட இடத்துக்குப் பயணம் |
| காசு சேகரிப்பு | ஒன்றும் ஆகாது | முதல் காசைப் படிக்கும்போது | விருப்பம்போல் | போலிகள், பாதுகாப்பு, சட்டம் |
| சதுரங்கம் | ஆட்டம் சற்று மழுங்கும் | முதல் வாரம் | மிகக் குறைவு | தூக்கம் |
| நூலக வாசிப்பு | ஒன்றும் ஆகாது | முதல் நூல் | மிகக் குறைவு | தாமதக் கட்டணம் |

## முதல் வழி: ஒன்றையே ஆழமாகப் பற்றுவது

இதன் பெரும் பலன், தொடக்க காலத்துச் சலிப்பைத் தாண்டிப் போக முடிவதுதான். இசையிலும் ஓவியத்திலும் சுவை பிந்தித்தான் வருகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்குபவர் அந்தச் சுவையின் பக்கமே வராமல் ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். கிடைக்கிற நேரம் முழுவதையும் ஒன்றில் இட்டவருக்குக் கை தேறுகிறது, ஆசிரியரின் அக்கறை கிடைக்கிறது, அத்துறையில் தோய்ந்தவர்களோடு சமமாக உரையாட முடிகிறது.

ஒன்று என்றால் குறுகியது என்று பொருளில்லை. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்நாள் முழுவதும் ஒரே உலகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதை எழுத்தாலும் கோட்டோவியத்தாலும் ஒளிப்படத்தாலும் பதிவு செய்தார். பலவகை வேலைகளின் சுவை வேண்டும், ஆனால் கவனம் சிதறக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி: பொருளை ஒன்றாக வைத்துக்கொண்டு கையாளும் முறைகளைப் பலவாக்குவது.

மறைந்திருக்கும் செலவுகளை வீணையை வைத்தே பார்க்கலாம். அதன் 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரி சேர்த்துச் செய்த படுகையின் மேல் பதிக்கப்பட்டவை. வெயிலில் நிறுத்திய காரில் வீணையை விட்டுவிட்டால் அந்த மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். அப்படி எதுவும் நேராவிட்டாலும், பல ஆண்டு வாசிப்பில் தந்தி அழுந்தி மெட்டுகளில் தடம் விழ, மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதிப்பதற்கு, அந்த வேலை தெரிந்த கைவினைஞரைத் தேட வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. கருவியைத் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு போவது பயணச் செலவும் விடுப்பும் சேர்ந்த காரியம். கருவி வாங்கும் நாளில் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு செலவு பணத்தில் வராது. ஒன்றையே நம்பியிருப்பவருக்கு ஆசிரியர் ஊர் மாறினாலோ, மணிக்கட்டில் வலி வந்தாலோ, வாடகை வீட்டில் ஒலிக்குத் தடை விழுந்தாலோ ஓய்வு நேரம் முழுவதும் ஒரேயடியாக வெறுமையாகிவிடுகிறது. அதோடு தேர்வு, மேடை, அரங்கேற்றம் என்ற இலக்குகள் வந்து சேர, ஓய்வுக்காகத் தொடங்கியது இரண்டாவது உத்தியோகமாக மாறிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. சிலருக்கு அதுவே பிடிக்கும். பிடிக்காதவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

## இரண்டாம் வழி: பலவற்றை ஒரே காலத்தில் நடத்துவது

அஞ்சல் துறையில் பணியாற்றித் தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக ஓய்வுபெற்ற சு. தியடோர் பாஸ்கரன் தமிழ்த் திரைப்பட வரலாறு, காட்டுயிர்ப் பாதுகாப்பு, நம் நாட்டு நாய் இனங்கள் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத துறைகளில் ஆழ்ந்து எழுதியவர். முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டு பல ஆர்வங்களை வளர்க்க முடியாது என்று சொல்வோருக்கு அவர் ஒருவரே போதிய மறுப்பு. ஆனால் அவருடைய ஆர்வங்கள் எவ்வகையானவை என்பதைக் கவனிக்க வேண்டும்: படிப்பது, பார்ப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது. இவை ஊர்விட்டு ஊர் மாறினாலும் கூடவே வருபவை. ஒரு மாதம் விட்டாலும் காத்திருப்பவை.

காத்திருப்பவை நான்கைச் சேர்த்து வைத்துக்கொண்டாலும் பெரிய சிக்கல் எதுவும் வராது. அன்றாடம் கேட்பவை இரண்டைச் சேர்த்தால்தான் தொல்லை தொடங்குகிறது. காலை ஆறு மணிக்குச் செடிக்கு நீர், அதே வேளையில் சாதகம் என்று வைத்துக்கொண்டவர் இரண்டில் ஒன்றைச் சில மாதங்களில் கைவிடுகிறார், அல்லது அதை வீட்டிலிருக்கும் இன்னொருவர் தலையில் கட்டுகிறார். மாடித் தோட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பல ஆண்களின் செடிகளுக்கு உண்மையில் நீர் ஊற்றுபவர்கள் அவர்களின் தாயோ மனைவியோதான் என்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். ஒரு பொழுதுபோக்கின் விலையில் பிறருடைய நேரமும் அடங்கும் என்பதைக் கணக்கில் கொண்டால், பலவற்றை ஒரே காலத்தில் நடத்தும் வழி முதலில் தோன்றியதைவிடக் கனமாகத் தெரியும்.

மாடித் தோட்டத்தின் கனம் வேறொரு பொருளிலும் உண்டு. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் கொண்ட பையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து நிரப்பி நீர் விட்டால் எடை 20 கிலோவைத் தாண்டும். முப்பது பைகள் என்றால் அரை டன்னுக்கு மேல். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளை என்ற பொருள் தொகுப்பு கையில் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தளம் அதைத் தாங்குமா, நீர் கசியுமா என்று பார்க்காமல் அடுக்குபவர்கள், இரண்டு மழைக்காலம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டைப் பார்த்துத் திகைக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

பலவற்றைச் சேர்ப்பதன் செலவைக் குறைக்க ஒரு வழி, கருவியையோ பயணத்தையோ பகிர்ந்துகொள்ளும் ஆர்வங்களைத் தேர்ந்தெடுப்பது. 8×42 என்று குறிப்பிடப்படும் இருகண்நோக்கி பொருள்களை எட்டு மடங்கு நெருக்கிக் காட்டும். அதன் முன்வில்லை 42 மில்லிமீட்டர் அகலம் என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் போதிய ஒளியை வாங்கிக்கொள்ளும். விடியலில் அதைக் கொண்டு ஆறுமணிக்குருவியைத் தேடலாம்; அன்று இரவே அதைக் கொண்டு நிலவின் பள்ளங்களையும் கார்த்திகை மீன்கூட்டத்தையும் பார்க்கலாம். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துப் பன்னிரண்டு, பதினாறு மடங்குக் கருவியை வாங்குவோர் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகுவதைக் கண்டு அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

பயணமும் அப்படியே. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும் வேடந்தாங்கலுக்குக் காலையில் போய்ச் சங்குவளை நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்த்தவர், பிற்பகலில் அதிகத் தொலைவில்லாத உத்திரமேரூருக்குப் போனால் வைகுந்தப் பெருமாள் கோயிலில் குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் படிக்கலாம். ஒரு நாள், ஒரு வண்டிச் செலவு, இரண்டு ஆர்வங்கள். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத நான்கு ஆர்வங்களை வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கனம் கிடைக்காது.

## மூன்றாம் வழி: பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது

நம் பக்கத்துத் தட்பவெப்பமே இதற்கு ஒரு நாட்காட்டியை வகுத்துக் கொடுத்திருக்கிறது. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதற்கேற்ப ஆடியில் தோட்டம் தொடங்கலாம். அப்போது போட்ட அவரை கார்த்திகை, மார்கழியில் காய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத மாலைகள் காசுக்கும் சதுரங்கத்துக்கும் நூலுக்கும் ஏற்றவை. அக்காலத்தில் பொதுவாக வானமும் தெளிவதில்லை. மார்கழியில் சென்னையில் இருப்பவர்கள் கச்சேரி கேட்கலாம். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை என்பது புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தை முதல் பங்குனி வரை காலையில் பறவை, இரவில் வானம். ஜனவரியில் நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், இருக்கும் இடத்திலேயே கால் மணி நேரம் நின்று கண்டவற்றை எண்ணிப் பதிவு செய்தால் போதும் என்பதால், புதியவர் தயக்கமின்றி நுழைய அது நல்ல வாசல். பிப்ரவரி இரவுகளில் தெற்கே ஒளிரும் அகத்தியர் மீனையும், மே மாத இரவுகளில் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும் திரிசங்கு விண்மீன் கூட்டத்தையும் பார்க்க வசதியான இடத்தில் நாம் இருக்கிறோம். வடக்கே செல்லச் செல்ல இவை அடிவானத்தை நோக்கித் தாழும்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலும் தென்மேற்குப் பருவமழை வலுவாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறும். அங்கிருப்பவர்கள் தங்கள் ஊர் மழையை வைத்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வழியின் சிறப்பு, எந்த ஆர்வமும் சலிக்கும் முன்பே அதன் பருவம் முடிந்துவிடுவது. அடுத்த ஆண்டு அது திரும்பி வரும்போது பசியோடு வரவேற்கிறோம். செலவும் ஆண்டு முழுவதும் பரவிவிடுகிறது.

குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது மறந்ததை மீட்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதம் கழித்து ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு உள்ளான்களின் பெயர்கள் எல்லாம் குழம்பிப்போய், முதல் இரண்டு மூன்று ஞாயிறுகள் பழைய பாடத்தைப் படிப்பதிலேயே கழியும். ஒவ்வொரு ஆர்வத்துக்கும் தனித்தனியாக ஒரு நோட்டு வைத்து, பருவம் முடியும் நாளில் எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன செய்ய நினைத்தோம் என்று அரைப் பக்கம் எழுதி வைத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இசை கற்பதைப் பருவத்துக்குப் பருவம் வைத்துக்கொள்ளவே முடியாது. ஆசிரியர் நமக்கான நேரத்தை எட்டு மாதம் காலியாக வைத்திருக்கமாட்டார், விரலும் வைத்திருக்காது. தோட்டத்தை மட்டும், கடைசி அவரையைப் பறித்ததும் பைகளைக் கவிழ்த்து மண்ணை ஓரமாகக் குவித்து நிழலில் மூடிவைக்கும் மனத்திடம் இருந்தால், இந்த வழிக்குள் கொண்டுவரலாம்.

## யாருக்கு எது

என் தெரிவு மூன்றாம் வழியை ஒட்டிய ஒரு கலவை: அன்றாடக் கவனிப்புக் கேட்பதில் ஒன்றே ஒன்று, அதுவும் நாளுக்கு அரை மணிக்குள் அடங்குவது, அதோடு காத்திருக்கக்கூடியவை இரண்டோ மூன்றோ, பருவத்துக்கு ஏற்ப. எல்லோருக்கும் இது பொருந்தாது.

கல்லூரி மாணவரும், பணி ஓய்வுபெற்று உடல்நலத்தோடு இருப்பவரும் முதல் வழியை எடுத்துக்கொள்ளலாம். இருவரிடமும் அதற்கு வேண்டிய தொடர்ச்சியான நேரம் இருக்கிறது. ஓய்வுபெற்றவர் முழங்காலையும் கருத்தில் கொள்ள வேண்டும். தரையில் அமர்ந்து வீணை மீட்டுவதும், ஒரு நாளில் பலமுறை மாடிப்படி ஏறுவதும் அறுபது வயதில் எளிதாக இருந்து எழுபதில் கடினமாகலாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் அன்றாடம் கேட்பவை எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே அன்றாடம் கேட்கும் ஒன்று ஏற்கெனவே தொட்டிலில் இருக்கிறது. இடையில் நிறுத்தக்கூடிய வாசிப்பும், பத்து நிமிடச் சதுரங்கப் புதிரும் போதும். லிச்செஸ் (Lichess) போன்ற கட்டணமில்லாத தளங்களில் புதிர்கள் ஏராளம். முழு ஆட்டத்தில் இறங்கினால் “இன்னும் ஒன்று” என்று நள்ளிரவு தாண்டும். மூன்று நிமிட ஆட்டங்கள் இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றுபவை.

சுழற்சிப் பணியில் இருப்பவர்களுக்குப் பிறரோடு நேரம் ஒத்துப்போகாது என்பதால், தனியாகச் செய்யக்கூடிய காத்திருப்பவற்றை இரண்டாம் வழியில் சேர்த்துக்கொள்வது ஏற்றது. இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் வழியில் ஒரு குளக்கரை இருந்தால், மற்றவர்கள் அலாரம் வைத்து எழ வேண்டிய வேளை அவர்களுக்குத் தானாகவே வாய்த்துவிடுகிறது.

காசு சேகரிப்பைச் சேர்க்க நினைப்பவர்கள் மட்டும் மூன்று செய்திகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மலிவான பிவிசி நெகிழி உறைகளில் இட்ட காசுகளின் மேல், சில ஆண்டுகளில் பச்சை நிறப் பிசுக்கு ஏறி உலோகம் அரிக்கப்படும். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறைந்துவிடும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த காசு தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருவதால், தனிநபர் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ அனுப்பவோ கூடாது. அயல்நாட்டில் இருக்கும் உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

## தொடங்குவதற்கும் விடுவதற்கும் முன்

எந்த வழியைத் தேர்ந்தாலும் காத்திருப்பவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. மூன்று மாதம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் இசை ஆசை தணியாமல் இருந்தால், கருவி வாங்காமல் வாய்ப்பாட்டில் சரளி வரிசையைத் தொடங்கலாம், அல்லது ஆசிரியர் வீட்டுக் கருவியிலேயே சில மாதம் பழகலாம். தோட்டத்துக்கு ஐந்து பையும் கீரை விதையும் போதுமானவை.

விட்டுவிடுவதாக முடிவு செய்தால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும். இருகண்நோக்கியைப் பழைய பொருளுக்கான விலையில் வாங்க ஆள் கிடைப்பார். வெயிலில் இற்றுப்போன செடிப் பைகளுக்கு விலையே கிடையாது, மண்ணை மட்டும் அக்கம்பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். தாத்தாவின் காசுகளை விற்பதற்கு முன் வீட்டில் உள்ள அனைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இசை ஆசிரியரிடம் நேரில் போய், அதுவும் அடுத்த மாதத்துக்கான நேரத்தை அவர் வேறொருவருக்கு ஒதுக்க வசதியாக மாத நடுவிலேயே, சொல்லிவிட வேண்டும்.